வீல்சேரில் சோழ நாடு: ஈரோட்டிலிருந்து மெரினா வரை

பிப்ரவரி 17, 2025, திங்கள் – ஈரோடு, கரூர், ஸ்ரீரங்கம்

காலை ஆறரை மணிக்கு ஈரோட்டை விட்டுக் கிளம்பினோம். முன் சீட்டில் அத்தை, பின்னால் நான், வண்டி ஓட்ட எங்களுக்குப் பழக்கமான டிரைவர் தம்பி. மஞ்சள் வரத்து ஆரம்பித்துவிட்டதால் வீட்டுக்காரர் மண்டியை விட்டு நகர முடியாது. அதனால் அத்தையைக் காரில் ஏற்றுவது, இறக்குவது, குளியல், படுக்கை எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான்.

அத்தைக்கு எழுபத்தொரு வயது. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்து மூன்று வருடமாகிறது. பேச்சில் தடுமாற்றம் இல்லை, ஞாபகசக்தி அபாரம். எடை அறுபத்தெட்டு கிலோ. எனக்கு நாற்பத்தெட்டு வயது, டிஸ்க் விலகி ஒருமுறை படுத்து எழுந்தவள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைப் பார்க்க வேண்டும், கடலில் கால் நனைக்க வேண்டும் என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தார். "நாலு ஆம்பளைங்க இல்லாம எப்படிக் கூட்டிட்டுப் போவே?" என்று சொந்தத்தில் எல்லோரும் கேட்டார்கள். அந்த நாலு பேருக்குப் பதிலாக டிக்கியில் ஏற்றிய சாமான்களைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகளில் அதிகம் வரும். வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், முக்கியமாக இடுப்பு வலியோடு பார்த்துக்கொள்கிற பெண்கள், படித்தால் சந்தோஷம்.

எங்கள் பிசியோதெரபிஸ்ட் அம்மா சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: "தூக்காதீங்க, நகர்த்துங்க." அத்தையின் இடுப்பில் கைப்பிடி வைத்த அகலமான பெல்ட் ஒன்றைக் கட்டுகிறேன், தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய். அப்புறம் ஒரு சறுக்குப் பலகை. வழவழப்பான பிளைவுட், இரண்டடிக்குக் கொஞ்சம் கூட. வீல்சேரைக் கார் கதவோரம் சற்றே சாய்வாக நிறுத்தி, பிரேக் போட்டு, பக்கவாட்டில் கை வைத்துக்கொள்கிற கைப்பிடியைக் கழற்றி, பலகையின் ஒரு முனையைத் தொடைக்கு அடியில் செருகி, மறுமுனையைக் கார் சீட்டில் வைத்துவிட்டால் நடுவில் பாலம் கிடைத்துவிடும். அத்தை வலது கையை ஊன்றி உந்துவார், நான் பெல்ட்டைப் பிடித்து இழுப்பேன். அங்குலம் அங்குலமாக நகர்ந்து சீட்டுக்குப் போய்விடுவார்.

இதில் சேலை முக்கியம். பருத்திச் சேலை பலகையில் ஒட்டிக்கொண்டு நகராது, பூனம் சேலை வழுக்கிக்கொண்டு போகும். பயணத்துக்கு என்று ஐந்து பூனம் சேலை எடுத்து வைத்திருந்தேன். இன்னொன்று, நம் ஊர்க் காரில் முன் பயணி சீட் இடது பக்கம். ஏறும்போது அத்தை தன் வலது பக்கம், அதாவது பலமான பக்கம் நகர்கிறார், சுலபம். இறங்கும்போது பலமில்லாத பக்கம் வர வேண்டும். நேரமும் கூட, பிடியும் கூடத் தேவை. அதனால் இறங்குகிற இடத்தில் பின்னால் வருகிற வண்டிக்காரர் ஹாரன் அடித்தாலும் நான் அவசரப்படுவதில்லை.

கரூர் தாண்டி ஒரு பெரிய ஓட்டலில் காலை டிபன். சர்வர் என்னைப் பார்த்து, "அவங்க இட்லி சாப்பிடுவாங்களா?" என்றார். அத்தை தலையை நிமிர்த்தி, "என்னையே கேளு சாமி, நாந்தானே திங்கப் போறேன்" என்றார். அந்தப் பையன் முகம் சிவந்துவிட்டது. அப்புறம் சட்னி வேண்டுமா, சாம்பார் வேண்டுமா என்று ஒவ்வொன்றையும் அத்தையிடமே குனிந்து கேட்டான். இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு பொங்கல், இரண்டு காபி, இருநூற்று நாற்பது ரூபாய்.

அங்கே வீல்சேர் படம் போட்ட கழிப்பறை இருந்தது. பூட்டியிருந்தது. சாவி வந்து திறந்தால் உள்ளே துடைப்பம், பினாயில் கேன், காலி சோடா கிரேட். மேனேஜர் சங்கடப்பட்டு ஆள் விட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவிக் கொடுத்தார். கைப்பிடிக் கம்பி சரியான உயரத்தில் இருந்தது, இடம் தாராளம். இவ்வளவு செலவு செய்து கட்டிய ஒன்றை ஏன் சாமான் அறை ஆக்குகிறார்கள்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016-ல். பொது இடங்களில் அணுகல் வசதி சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாய விதியாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் போன நவம்பரில்தான் தீர்ப்பு சொன்னது, மூன்று மாத அவகாசமும் கொடுத்தது. சட்டத்தையும் தீர்ப்பையும் இந்தப் பூட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு நினைத்தால் கோபம் வருகிறது. அவசரமாகப் போக வேண்டிய ஒரு பெரிய மனுஷியைச் சாவி வரும்வரை காக்க வைப்பது அவமானப்படுத்துவதுதான்.

மாலை ஸ்ரீரங்கம். ராஜகோபுரத்துக்கு அடியிலேயே வண்டிகள் போகும் என்பதால் அத்தையை இறக்கித் தெருவோரமாக நிறுத்தினேன். 236 அடி, பதின்மூன்று நிலை. 1987-ல் குடமுழுக்கு நடந்தபோது மாமாவோடு வந்து கூட்டத்தில் செருப்பைத் தொலைத்த கதையைச் சொன்னார். அன்று கோபுரத்தைப் பார்த்ததைவிட முன்னால் நின்றவர்களின் முதுகைப் பார்த்ததுதான் அதிகமாம்.

பிப்ரவரி 18, செவ்வாய் – ஸ்ரீரங்கம், தஞ்சாவூர்

காலை ஆறு மணிக்கே கோயில். மூடுபனி லேசாக இருந்தது, கல் தரை சில்லென்று இருந்தது. கோயில் வீல்சேர் கிடைத்தது. எங்கள் வண்டியிலிருந்த காற்றுத் திண்டை மட்டும் அதில் மாற்றிப் போட்டுக்கொண்டோம். உணர்ச்சி குறைந்த உடம்பு ஒரே இடத்தில் அழுந்திக்கொண்டிருந்தால் புண் வந்துவிடும், அத்தைக்கு ஒருமுறை வந்து இரண்டு மாதம் படுத்தியது. அதனால் எங்கே போனாலும் திண்டு கூடவே வரும். அரைமணிக்கு ஒருமுறை அத்தை வலப்பக்கம் சாய்ந்து, நான் பெல்ட்டைப் பிடித்து இடப்பக்கம் சாய்த்து, உடம்புக்கு ஓய்வு கொடுப்போம்.

தள்ளிக்கொண்டு வந்த பெரியவர் வாசல் நிலை வரும் ஒவ்வொரு இடத்திலும் "அம்மா, இப்ப சாயப் போகுது" என்று சொல்லிவிட்டுத்தான் பின்னால் மிதித்து முன் சக்கரத்தைத் தூக்கினார். இதைச் சொல்லிவிட்டுச் செய்கிற ஆள் அபூர்வம். உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது, திடீரென்று வானத்தைப் பார்த்துச் சாய்ந்தால் வயிறு கலங்கும். வெளியே வந்ததும் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன், காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆயிரங்கால் மண்டபத்தருகே மணல்வெளி. எங்கள் வண்டிக்கு மாறியபின் அங்கே போனோம். வீல்சேரின் சின்ன முன் சக்கரங்களுக்கு மணல்தான் எமன், இரண்டடி போனதும் புதைந்து நின்றுவிடும். அதற்காகத்தான் பெரிய முன் சக்கரம் ஒன்று கொண்டுவந்திருந்தேன். கால் வைக்கிற பலகையில் இறுக்கி மாட்டினால் சின்னச் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிடும், வண்டி மூன்று சக்கர வண்டியாகிவிடும். வெளிநாட்டில் செய்தது, விலை அதிகம். நம் மடக்கு வீல்சேரில் கால் பலகை இரண்டு துண்டாக இருப்பதால் நேரடியாக மாட்டவும் வராது. கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறைக்காரர் இரண்டு கால் பலகையையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி ஒரு குறுக்குச் சட்டமும் கிளாம்ப்பும் செய்து கொடுத்தார், இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். அளவெடுக்கும்போது அத்தையை உட்கார வைத்தே அளவெடுத்தார். எடை ஏறினால் கால் பலகை முக்கால் அங்குலம் கீழே இறங்குகிறது என்று அவர்தான் கண்டுபிடித்தார்.

மதியம் தஞ்சாவூரில் இலைச் சாப்பாடு, நூற்று முப்பது ரூபாய். கைப்பிடியைக் கழற்றிவிட்டதால் மேஜைக்குள்ளேயே வண்டி நுழைந்தது, அத்தை எல்லோரையும் போல இலைக்கு நேராக உட்கார்ந்தார். கைப்பிடி நிலையாக இருந்தால் மேஜை விளிம்பில் முட்டி ஒரு முழம் தள்ளித்தான் நிற்க வேண்டியிருக்கும், ரசம் மடியில்தான் போகும்.

பெரிய கோயிலுக்கு நாலரை மணிக்குப் போனோம். வெயில் நேரத்தில் அந்தத் தரையில் யாராலும் கால் வைக்க முடியாது, தள்ளுகிறவளுக்கும் வெறுங்கால்தான். செங்கல் பாவிய முற்றத்தில் முன் சக்கரத்தை மாட்டிக்கொண்டதும் அதிர்வு பாதியாகக் குறைந்தது. கருவறைக்குப் போகிற படிகள் அதிகம், உயரம். "மேலே வேண்டாம் கண்ணு, சுத்தி வரலாம்" என்றார் அத்தை.

சுற்றி வந்ததுதான் அன்றைய நாளின் பெரிய விஷயம். விமானத்தின் அடித்தளம் முழுக்கக் கல்வெட்டு. நின்றுகொண்டு போகிறவர்கள் விமானத்தின் உச்சியைப் பார்த்துப் படம் எடுத்தபடியே போய்விடுகிறார்கள். உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக வருவது எழுத்து. "நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும்" என்று ராஜராஜன் வெட்டச் சொன்ன கதையை நான் சொன்னேன். அக்கன் என்றால் குந்தவை. ராஜா தன் கணக்குக்கு அடுத்தபடியே அக்காவின் கணக்கை எழுதச் சொன்னான் என்பது அத்தைக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. 'ன' எது, 'ம' எது என்று தேடிக்கொண்டே வந்தார். கல்லைத் தொடவில்லை, ஒரு சாண் தள்ளி விரலால் காற்றில் எழுதிக்கொண்டே வந்தார். இரண்டு மணி நேரம் தள்ளினேன், இடுப்பு வலிக்கவில்லை. நானும் ஒரு கோயிலை நிதானமாகப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ராத்திரி தங்கிய விடுதியில்தான் சிக்கல். போனில் கேட்டபோது "வீல்சேர் தாராளமா போகும்மா, லிப்ட் இருக்கு" என்றார்கள். லிப்ட் இருந்தது. அறைக் கதவும் சரி. பாத்ரூம் கதவு இருபத்திரண்டு அங்குலம், எங்கள் வண்டி இருபத்தைந்து. வாசலில் நாலு அங்குல மேடு வேறு. இந்த மாதிரி நேரத்துக்குத்தான் மடக்குக் குளியல் நாற்காலி. அடியில் சின்னச் சக்கரம், நடுவில் ஓட்டை, அகலம் பத்தொன்பது அங்குலம். கட்டிலிலிருந்து பலகை வழியாக அதற்கு மாற்றி, கையோடு கொண்டுவந்திருந்த ரேம்ப்பை, அதாவது மடக்குச் சாய்தளப் பலகையை, அந்த மேட்டின்மேல் போட்டுப் பின்பக்கமாக இழுத்து, அப்படியே கம்மோடுக்கு மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். அறை வாடகை இரண்டாயிரத்து இருநூறு. இனிமேல் விடுதியில் "வீல்சேர் போகுமா" என்று கேட்பதில் பயனில்லை. பாத்ரூம் கதவில் டேப்பை வைத்து ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று கேட்க வேண்டும். அடுத்த இரண்டு விடுதிகளுக்கும் ராத்திரியே அப்படிக் கேட்டு வாங்கிவிட்டேன். ஒருவர் வாட்ஸ்அப்பில் ஐந்தே நிமிடத்தில் அனுப்பினார்.

பிப்ரவரி 19, புதன் – தாராசுரம், கும்பகோணம்

தாராசுரம் கோயில் வெளித்தரையைவிடத் தாழ்ந்திருக்கிறது. டிரைவர் தம்பி முன்பக்கம் தாங்க, ரேம்ப் போட்டு, பின்பக்கமாகத்தான் இறங்கினோம். இறக்கத்தில் வீல்சேரை முகம் முன்னோக்கித் தள்ளக் கூடாது. உட்கார்ந்திருப்பவர் சரிந்து விழுவார், தள்ளுகிறவரின் கையிலிருந்து வண்டி பிய்த்துக்கொண்டு ஓடும். தள்ளுகிறவர் முதலில் இறங்க, வண்டி அவர்மேல் சாய்ந்தபடி வர வேண்டும்.

ரேம்ப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அலுமினியம், பெட்டி மாதிரி இரண்டாக மடங்கும், மூன்றடி நீளம், ஆறரைக் கிலோ. கட்டடத்தில் நிரந்தரமாகக் கட்டுகிற சாய்தளத்துக்கு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் என் ரேம்ப் மூன்று அங்குலத்துக்குத்தான் சரி. ஆறு அங்குலப் படிக்குப் போட்டால் செங்குத்தாகத் தெரியும், பழகிய ஆள் பின்னால் இருந்தால் சமாளிக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். இரண்டு படி, மூன்று படி இருந்தால் வேறு வழி தேட வேண்டும், அல்லது வெளியே இருந்து பார்த்துவிட்டு வர வேண்டும். காலைப் பனியில் கல் ஈரமாக இருந்ததால் ரேம்ப்பின் கீழ்முனை ஒருமுறை நழுவியது. வண்டியில் இருந்த ரப்பர் மிதியடியை அடியில் போட்டதும் நின்றது. அன்றிலிருந்து மிதியடி ரேம்ப்போடு சேர்ந்தே வருகிறது.

ராஜகம்பீர மண்டபத்தின் பக்கவாட்டில் கல்லில் தேர்ச் சக்கரம், இழுக்கிற குதிரை. அத்தை சக்கரத்துக்கு எதிரே வண்டியை நிறுத்தச் சொல்லிப் படம் எடுக்கச் சொன்னார். இசைப் படிகளைக் கம்பி வேலிக்கு வெளியே இருந்து பார்த்தோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று வந்தது. ஒரு சின்னப் பெண், "பாட்டி, இந்தச் சக்கரம் எதுக்கு முன்னாடி?" என்று கேட்டாள். அத்தை ஒரு வாத்தியார் போல முழு விளக்கமும் கொடுத்தார்.

சாயங்காலம் கும்பகோணத்தில் ஒரு கோயில். பெயர் வேண்டாம். வாசலில் நான் ரேம்ப்பை விரிப்பதற்குள் நாலு பேர் ஓடி வந்துவிட்டார்கள். "நகருங்கம்மா, நாங்க தூக்கிடறோம்." வேண்டாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பிடித்தது கைப்பிடியை. கைப்பிடி கழற்றக்கூடியது. வலது கைப்பிடி அப்படியே கையோடு வந்துவிட்டது, வண்டி ஒருபக்கம் சரிந்தது. இடுப்பு பெல்ட்டை நான் பிடித்திருந்ததால் அத்தை விழவில்லை. முழங்கை உரசி ரத்தம் வந்தது. அவர்களும் பயந்துபோனார்கள். ஒருவர் ஓடிப்போய் மஞ்சள் பொடி வாங்கி வந்தார், இன்னொருவர் சோடா. நல்ல மனுஷர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது: வீல்சேரில் ஒருவரைப் பார்த்தால் முதலில் அவரிடம் கேளுங்கள், அப்புறம் தள்ளுகிறவரிடம் கேளுங்கள், எங்கே பிடிக்க வேண்டும் என்று அவர்கள் சொன்ன பிறகு கை வையுங்கள். கைப்பிடியும் கால் பலகையும் கழன்று வரும், பிடிக்க வேண்டியது பிரதான சட்டத்தை. அதைவிட, தூக்க வேண்டிய அவசியமே இல்லாதபோது தூக்காமல் இருப்பது மேல். வீட்டுக்குள் தண்ணீர் கேட்டாலும் தன் கையால் எடுத்துக் குடிக்கிற ஆள் அத்தை. நாலு ஆண்கள் தன்னைச் சுமந்ததைப் பற்றி ராத்திரி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் எனக்குக் காயத்தைவிட வலித்தது.

டிகிரி காபி முப்பது ரூபாய், பித்தளை டபராவில். அத்தைக்கு ஒற்றைக் கையால் டம்ளரைப் பிடித்து ஆற்ற முடியாது என்று கடைக்காரரே கவனித்து, ஆற்றி, பாதியளவு ஊற்றிக் கொடுத்தார். மீதியை அப்புறம் ஊற்றினார்.

பிப்ரவரி 20, வியாழன் – கங்கைகொண்ட சோழபுரம், புதுச்சேரி

கங்கைகொண்ட சோழபுரத்தில் புல்வெளி, சமமான பாதை, கூட்டமே இல்லை. சிதம்பரத்தில் இட்லியும் கொத்சுவும். வெயில் ஏறிவிட்டது, கோயிலுக்குப் போகவில்லை, அத்தை காரிலேயே கொஞ்சம் தூங்கினார்.

மாலை ஆறு மணிக்குமேல் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம், சமதரை, ஒரு படி கிடையாது. காந்தி சிலையிலிருந்து ஆரம்பித்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தோம். மோட்டார் சத்தம் இல்லாததால் தள்ளிக்கொண்டே பேச முடிந்தது. வழக்கமாக நான் பின்னால், அத்தை முன்னால், தலையைத் திருப்ப முடியாது, நான் சொல்வது அவருக்குக் கேட்காது. இங்கே பேச்சு ஓடியது. கல்யாணமாகி வந்த புதிதில் என் சமையலைப் பற்றித் தான் சொன்ன ஒரு குறையை நினைவுபடுத்தி, "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது கண்ணு" என்றார். எனக்கு மறந்தே போயிருந்தது.

களைத்தால் கடலோரச் சுவரில் உட்கார்ந்தேன். வண்டியின் தள்ளு கைப்பிடியிலேயே பிரேக் இருக்கிறது, சைக்கிள் பிரேக் மாதிரி. குனிந்து சக்கரத்தோரம் தேட வேண்டியதில்லை. பழைய இரும்பு வண்டி பத்தொன்பது கிலோ, இது அலுமினியம், பதின்மூன்று. பின் சக்கரம் ஒரு பொத்தானை அழுத்தினால் கழன்றுவிடும் என்பதால் ஒரே ஆள் டிக்கியில் வைக்க முடிகிறது. பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியபோது வீட்டில் எல்லோரும் யோசித்தார்கள். இடுப்பு வலிக்கு நான் ஸ்கேன் எடுத்த செலவே அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

பிப்ரவரி 21, வெள்ளி – சென்னை, மெரினா

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை. மாலை நாலரைக்கு மெரினா. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மரப்பாதை ஆரம்பிக்கிறது. 2022 நவம்பரில் திறந்தார்கள், 263 மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், ஒரு கோடியே பதினாலு லட்ச ரூபாய் செலவு. திறந்த இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து முனைப்பகுதியைப் பிய்த்துப் போட்டது. சரிசெய்து திரும்பவும் திறந்தார்கள்.

மரத்தில் சக்கரம் ஓடும் சத்தமே வேறு. மெரினாவில் மணலைத் தாண்டிக் கடலுக்குப் போவது காலுள்ளவர்களுக்கே மூச்சு வாங்குகிற வேலை. இங்கே ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போனேன். எதிரே இரண்டு வீல்சேர் வந்தன, ஒதுங்காமலே கடந்து போனோம். ஒன்றில் உட்கார்ந்திருந்தவர் தனியாகவே வந்திருந்தார். வீல்சேரின் முன்னால் மோட்டார் பொருத்தியிருந்தார். சென்னை ஐஐடியில் 2021-ல் அறிமுகப்படுத்திய நியோபோல்ட். மாட்டினால் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் வரை போகும், கழற்றிவிட்டால் சாதாரண வீல்சேர். "பின்னால ஆள் இல்லாம வெளியே போறது எப்படி இருக்கு?" என்று அத்தை கேட்டார். "முதல் மாசம் எங்க வீட்ல என்னைத் தேடிக்கிட்டே இருந்தாங்கம்மா" என்றார். அத்தைக்கு ஒரு கைதான் என்பதால் அது ஒத்துவராது. ஆனால் விலையையும் கடையையும் கேட்டு வைத்துக்கொண்டார், எங்கள் தெருவில் கால் இழந்த ஒரு பையன் இருக்கிறான்.

பாதை முடிந்த இடத்துக்கும் அலைக்கும் நடுவில் மணல். முன் சக்கரத்தை மாட்டினோம். ஈர மணல் வரை தள்ளினேன், அதற்குமேல் வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தோம். மணலில் தள்ளுவதைவிட இழுப்பது பாதி உழைப்பு. அலை வந்து போகிற விளிம்பில் நிறுத்தி, கால் பலகையிலிருந்து கால்களை இறக்கி மணலில் வைத்தேன். முதல் அலை கணுக்கால் வரை வந்தது. இடது காலில் குளிர்ச்சி தெரிகிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "தெரியுது, தூரத்துல தெரியுது" என்றார். சக்கரத்துக்கு அடியில் மணலை அலை அரித்துக்கொண்டு போகும், வண்டி ஒருபக்கம் இறங்கும். அதனால் மூன்று, நாலு அலைக்கு ஒருமுறை இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தோம். சுண்டல் முப்பது ரூபாய், மாங்காய் தூக்கலாக.

உப்புத் தண்ணீர் பட்ட வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேரிங் போய்விடும். விடுதி வாட்ச்மேன் ஹோஸ் கொண்டுவந்து அவரே கழுவினார்.

பிப்ரவரி 22, சனி – சென்னை

பஸ்ஸில் போக வேண்டும் என்றார் அத்தை. பக்கவாதம் வந்தபின் பஸ்ஸே ஏறவில்லை. 2024 ஆகஸ்டிலிருந்து சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன என்று படித்திருந்தேன், மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு நிறுத்தத்தில் காத்திருந்தோம். முதலில் வந்தவை எல்லாம் படி வைத்த பஸ்கள். நாற்பது நிமிடம் ஆனது, வெயில் சுள்ளென்றிருந்தது, பக்கத்தில் இளநீர் அறுபது ரூபாய்.

தாழ்தளப் பேருந்து வந்தபோது நிறுத்தத்தில் இரண்டு ஆட்டோ நின்றிருந்தன. ஓட்டுநர் அவை நகரும்வரை காத்திருந்து நடைபாதையை ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார். பஸ் எங்கள் பக்கம் சாய்ந்து இறங்கியது, நடத்துநர் நடுவாசலில் மடிந்திருந்த பலகையைக் கையால் இழுத்து விரித்தார். ஏறினோம். அவ்வளவுதான். யாரும் தூக்கவில்லை, யாரும் ஓடி வரவில்லை, பஸ்ஸில் இருந்தவர்கள் பாதிப் பேர் போனைவிட்டுத் தலையே தூக்கவில்லை. வீல்சேருக்கான இடத்தில் பெல்ட் போட்டு நிறுத்தினார் நடத்துநர். "எங்கம்மா இறங்கணும்?" என்று அத்தையிடம்தான் கேட்டார்.

அத்தை டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே வந்தார். கும்பகோணத்தில் போன பேச்சு அப்போதுதான் திரும்ப வந்தது. "அங்க என்னைச் சாமி பல்லக்கு மாதிரித் தூக்கினாங்க. இங்க டிக்கெட் கொடுத்தாங்க. இதுதான் நல்லா இருக்கு." காரிலோ வீட்டிலோ நான் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும் இதைக் கொடுக்க முடியாது. ஈரோட்டிலும் இப்படிப் பஸ் வர வேண்டும். நிறுத்தத்தை ஒட்டி நடைபாதையும், நிறுத்தத்தில் ஆட்டோ நிற்காத ஒழுங்கும் சேர்ந்து வந்தால்தான் அந்தப் பலகைக்கும் பயன்.

பிப்ரவரி 23, ஞாயிறு – ஈரோடு

ராத்திரி ஒன்பதுக்கு வீடு. எனக்கு இடுப்பில் லேசான பிடிப்பு, ஒத்தடம் கொடுத்தால் போகிற அளவு. அத்தையின் முழங்கைக் காயம் காய்ந்துவிட்டது. முன் சக்கரக் கிளாம்ப்பின் ஒரு போல்ட் செங்கல் தரையில் குலுங்கி லூசாகியிருக்கிறது, பட்டறைக்காரருக்குப் போட்டோ அனுப்பியதில் நைலான் வைத்த நட் போடச் சொல்லியிருக்கிறார்.

பக்கத்துத் தெரு அக்கா வந்திருந்தார். அவர் வீட்டுக்காரருக்கும் போன வருடம் பக்கவாதம். மகள் வயிற்றுப் பேத்திக்குக் காது குத்து, கோயிலில் இரண்டு இடத்தில் படி, ஒவ்வொன்றும் அரையடி, நடுவில் நல்ல இடைவெளி. மனுஷர் "நான் வரல, என்னைத் தூக்க வேண்டாம்" என்று பிடிவாதமாக இருக்கிறாராம். ரேம்ப்பையும் மிதியடியையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். நாளை சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் வைத்து, ஏற்றுவதையும் பின்பக்கமாக இறக்குவதையும் அக்காவுக்கும் மருமகனுக்கும் அத்தை சொல்லிக் கொடுக்கப் போகிறார். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டால் போதும் என்றிருக்கிறார்.